சர்வருக்குக் கால் வேணும்!

எங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் உண்டு. 'ரெண்டு காபி, ஒண்ணுல சர்க்கரை கம்மி' என்று சொன்னால் கொண்டுவராது. பழைய ஃபைல் பீரோவுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில், கறுப்பாக, ஒரு ஸ்டூல் உயரத்துக்கு நின்றுகொண்டு ராத்திரி பகலாக உஸ்ஸென்று மூச்சு விடும். நெற்றியில் பிள்ளையார் ஸ்டிக்கர். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். வைக்கிற பொறுப்பு என்னுடையது. ஏனென்றால், 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்' என்று ஆபீஸில் எனக்குப் பெயர். எப்போதோ ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் உருவிக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த பட்டம் அது. இன்றுவரை கழற்றிப் போட முடியவில்லை.

ஆபீஸ் என்றால் பெரிய கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். மாம்பலத்தில் ஒரு மாடி. கீழே பாத்திரக்கடை. ஊரார் பில்களை வாங்கிக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற பிழைப்பு. முதலாளி உள்பட 19 பேர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இந்தச் சர்வர் திடீரென்று அணைந்தது. மறுபடி போட்டோம். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அணைந்தது. முதலாளி மின்வாரியத்தைத் திட்டினார். மேனேஜர் மேடம் யு.பி.எஸ்.ஸைச் சந்தேகித்தார். யு.பி.எஸ். ரிப்பேர்காரர் வந்து திறந்து பார்த்து, உள்ளே ஒரு பல்லி இறந்துகிடப்பதாகச் சொல்லி 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மணியும் அணைந்தது. 'அக்னி மூலையில வெச்சிருக்கீங்க ஸார்' என்று ஒருத்தர் வாஸ்து சொல்ல, நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தோம். இடம் மாறியும் குணம் மாறவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது எங்களிடம் ஹார்டுவேர் பார்த்துக்கொண்டிருந்த தம்பி. ஒல்லியாக இருப்பான், அதிகம் பேசமாட்டான். திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினான். விஷயம் இதுதான். விண்டோஸ் சர்வரை 180 நாள் ஓசியில் ஓட்டிப் பார்க்க ஒரு பதிப்பு கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கத்தான். கெடு முடிந்தால் அது மணிக்கொரு தரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சர்வர் வைத்துக்கொடுத்த புண்ணியவான் அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாங்களும் கெடுவை ஒருமுறைக்கு மேல் நீட்டி நீட்டி, முழுசாகத் தின்று முடித்திருக்கிறோம். பல்லி பாவம், வீண்பழி.

'ஒரிஜினல் வாங்கினா என்னப்பா ஆகும்?' என்றார் முதலாளி. தம்பி ஒரு தொகை சொன்னான். முதலாளி இரண்டு நிமிஷம் ஃபேனைப் பார்த்தார். 'வேற வழி இல்லியா?' என்றார். இந்த வாக்கியத்தால்தான் உலகத்தில் பாதித் தப்புகள் ஆரம்பமாகின்றன.

வேறு வழி இன்டர்நெட்டில் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பில் கிடையாது. ஈமெயிலில் 25 எழுத்து வந்தது. தட்டினோம், சர்வர் பேசாமல் ஓட ஆரம்பித்தது. 'சில்லறைச் செலவு - சாஃப்ட்வேர் - ரூ. 1,800' என்று ஒரு வவுச்சர். கீழே கையெழுத்து, அடியேன்.

போன தை மாதம்தான் வினை வந்தது. எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரு பெரிய கம்பெனியின் தயவு. அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் 14 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் அனுப்பினார்கள். தீயணைப்பு சிலிண்டர் இருக்கிறதா, வாட்ச்மேன் இருக்கிறாரா என்று ஆரம்பித்து, 27-வது கேள்வி: 'சர்வர் மென்பொருளுக்கும், அதைப் பயன்படுத்துவோருக்கும் முறையான உரிமங்கள் உள்ளனவா? எண்ணிக்கை, பில் நகல் இணைக்கவும்.' கடைசிப் பக்கத்தில் 'கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர் கையொப்பம்'. ஆபீஸே திரும்பி என்னைப் பார்த்தது.

'ஆமான்னு டிக் போட்டு அனுப்புய்யா. எவன் வந்து பாக்கப் போறான்?' என்றார் முதலாளி.

'பில் நகல் கேக்கறாங்க ஸார்.'

'அந்த வவுச்சரை ஜெராக்ஸ் எடு.'

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒப்பந்தம் போனால் பத்துப் பேருக்காவது வேலை போகும். அந்தப் பத்தில் நானும் உண்டு. பொய் எழுதி மாட்டினால், கையெழுத்து என்னுடையது மட்டும். இரண்டில் எது தேவலை என்று புரண்டு புரண்டு யோசித்து, முதலில் லைசென்ஸ் என்றால் என்னவென்றாவது தெரிந்துகொள்வோம் என்று மறுநாள் ஒரு டீலரிடம் போனேன்.

டை கட்டிய இளைஞர். நல்ல மாதிரி. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதல் கேள்வி கேட்டார்: 'உங்களுக்கு எத்தனை கால் ஸார் வேணும்?'

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

சி, ஏ, எல் என்ற மூன்று எழுத்து. சர்வரைத் தொட்டு வேலை வாங்கும் அனுமதிச் சீட்டு. அவர்கள் வாயில் அது 'கேல்'. என் காதில் 'கால்' என்று விழுந்தது, அப்படியே ஆபீஸிலும் நிலைத்துவிட்டது. நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன? சர்வருக்கு ஒரு விண்டோஸ் வாங்கிவிட்டால் தீர்ந்தது. அவரவர் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரிஜினல் விண்டோஸ் இருக்கிறதே, அப்புறம் என்ன? தப்பு. சர்வரில் போடும் விண்டோஸ், கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுக்கிற மாதிரி. உள்ளே வந்து சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் இலைக் காசு தனி. அந்த இலைதான் கால்.

மண்டப வாடகையிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்பெல்லாம் சர்வருக்குள் எத்தனை சிப் என்று எண்ணிக் காசு வாங்கினார்கள். 2016 பதிப்பிலிருந்து சிப்புக்குள் எத்தனை 'கோர்' என்று எண்ணுகிறார்கள். ஒரு சிப்புக்குள் பல மூளை இருக்கும். அதில் ஒவ்வொன்றும் ஒரு கோர். எங்கள் சர்வரில் எட்டு. 'அப்ப எட்டுக்குத்தானே?' என்றேன் புத்திசாலித்தனமாக. 'இல்ல ஸார், குறைஞ்சபட்சம் 16.' கல்யாண சமையல்காரர் 'நூறு இலைக்குக் குறைஞ்சு எடுக்கறதில்லீங்க' என்று சொல்வாரே, அதே நியாயம். நாற்பது பேர் வந்தாலும் நூறு இலைக்குக் காசு.

'ஸ்டாண்டர்டு, டேட்டாசென்டர் என்று இரண்டு ரகம்' என்றார். ஒரே இரும்புப் பெட்டிக்குள் இரண்டு, மூன்று பொய் சர்வர்களை ஓட்டலாமாம். ஒன்று படுத்தால் இன்னொன்று நடக்கும். ஸ்டாண்டர்டு வாங்கினால் அப்படி இரண்டு வைத்துக்கொள்ளலாம். டேட்டாசென்டரில் கணக்கே இல்லை. 2022 பதிப்பு வந்தபோது அமெரிக்க விலைப்பட்டியலில் 16 கோருக்கு ஸ்டாண்டர்டு 1,069 டாலர், டேட்டாசென்டர் 6,155 டாலர். எங்கள் 1,800 ரூபாயை நினைத்துக்கொண்டேன். காஞ்சிபுரம் பட்டுப்புடவையை 40 ரூபாய்க்கு வாங்கிவிட்டு, 'ஒரிஜினல் ஜரிகை' என்று நம்பிய கதை.

அவரிடம் அந்தக் கீ பற்றியும் கேட்டேன். நண்பருடைய ஆபீஸில் நடந்ததாகச் சொல்லித்தான்! சிரித்துவிட்டுச் சொன்னார்: 'கீ வேற, லைசென்ஸ் வேற ஸார். வீட்டுச் சாவி உங்க கையில இருக்கறதால வீடு உங்களுதாயிடுமா? பத்திரம் எங்கே?' பத்திரம் என்பது பில், ஒப்பந்தம், கம்பெனி கொடுக்கும் அத்தாட்சி. சர்வர் ஓடுகிறது என்பது எதற்கும் சாட்சியில்லை.

கால் விஷயத்தில் இது இன்னும் விசேஷம். பத்துப் பேருக்கு வாங்கிவிட்டு நூறு பேர் நுழைந்தாலும் விண்டோஸ் சர்வர் தடுக்காது. முனகக்கூட முனகாது. கதவில் பூட்டு கிடையாது, 'அனுமதி பெற்றவர் மட்டும்' என்ற போர்டு மட்டும்தான். அதனால்தான் நல்லவர்கள்கூட வருஷக்கணக்கில் தப்பு செய்துகொண்டிருக்கிறார்கள், தெரியாமலேயே.

தெரிந்து செய்தால் என்ன? நம்முடைய 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில், 1994-ல் திருத்தி, 63-பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1995 மே மாதம் அமலுக்கு வந்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் உபயோகித்தால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை. ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் கோர்ட் இரக்கம் காட்டி, சிறை இல்லாமல் அபராதத்தோடு விடலாம். எங்கள் முதலாளி தர்ம சத்திரம் நடத்தவில்லையே! அதே சட்டத்தின் 52-வது பிரிவில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நியாயமாக வாங்கிய சாஃப்ட்வேரைப் பத்திரத்துக்காக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை.

கொஞ்சம் பழைய கதை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினால் சாஃப்ட்வேர் இனாம். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை தருகிற மாதிரி. 1969-ல் ஐ.பி.எம். கம்பெனி 'இனிமேல் கறிவேப்பிலைக்குத் தனிக் காசு' என்று அறிவித்தது. 1976-ல் இருபது வயது பில் கேட்ஸ், கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட எங்கள் பேசிக் மொழியைக் காசு கொடுத்து வாங்கவில்லை, மற்றவர்கள் திருடுகிறீர்கள் என்று மூக்கால் அழுதிருந்தார். அந்தப் பையன் அன்றைக்கு அழுத அழுகைக்கு இன்றைக்கு நான் மாம்பலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, டீலருக்கு வருவோம். 'எத்தனை பேர் ஸார்?' '19.' 'வீட்லேர்ந்து வேலை பாப்பீங்களா?' 2020-ல் ஊரடங்கு போட்டதிலிருந்து பார்க்கிறோமே! வீட்டில் உட்கார்ந்து, ஆபீஸ் சர்வருக்குள் நுழைந்து, டாலியைத் திறந்து கணக்குப் பார்ப்பது. 'அப்ப அதுக்கு வேற கால்' என்றார்.

ஆமாம். தூரத்திலிருந்து சர்வரின் திரையையே திறந்து வேலை செய்தால், சாதா கால் போதாது. அதற்கு மேல் ஆர்.டி.எஸ். கால் என்று இன்னொன்று. ஒரு காலுக்கு மேல் இன்னொரு கால்! நிர்வாகம் பார்க்க மட்டும் ஒரே சமயத்தில் இரண்டு பேர் இலவசமாக நுழையலாம். அதைக் காட்டி, 'அதான் ரெண்டு பேர் வரலாமே' என்று டாலி அடிக்க முடியாது. அது வாட்ச்மேன் ரூமில் குடும்பம் நடத்துகிற மாதிரி. இந்த விஷயத்தில் மட்டும் கதவில் பூட்டும் உண்டு. முறைப்படி அமைத்தால் 120 நாள் சலுகை. அப்புறம் லைசென்ஸ் இல்லாமல் உள்ளே விடாது. எங்கள் சர்வர் எப்படி விட்டது என்று கேட்காதீர்கள். யாரோ ஏதோ ஒரு ஃபைலை மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ ஓசிப் பதிப்பு போட்டுவிட்டுப் போன அதே புண்ணியவான்தான் என்று பிறகு தெரிந்தது.

டீலர் கொட்டேஷன் போட்டார். 19 சாதா கால், 19 ஆர்.டி.எஸ். கால், ஒரு ஸ்டாண்டர்டு, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தொகை நாலு லட்சத்தைத் தாண்டிப் போனது. தண்ணீரை மறுபடி வாங்கிக் குடித்தேன்.

வீட்டில் காகிதத்தைப் பார்த்த என் மனைவி, 'என்னங்க இது, யாருக்கு ஆபரேஷன்?' என்றாள். சொன்னேன். காலில் இரண்டு வகை உண்டு என்பதையும் சொன்னேன். ஒன்று ஆள் கால். அந்த ஆள் ஆபீஸ் கம்ப்யூட்டர், லேப்டாப், செல்போன், மச்சினன் வீட்டுக் கம்ப்யூட்டர் எதில் வேண்டுமானாலும் வரலாம். இன்னொன்று கருவி கால். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் யார் வேண்டுமானாலும் மாறி மாறி உட்காரலாம்.

'மெஸ் டோக்கன் மாதிரி' என்றாள் அவள். 'ஒண்ணு ஆளுக்கு, ஒண்ணு நாற்காலிக்கு. உங்க ஆபீஸ்ல நாற்காலி எத்தனை?'

அப்போதுதான் பொறி தட்டியது. பில் பதிகிற பன்னிரண்டு பேர் இரண்டு ஷிஃப்ட். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஆறுதான். அவர்கள் யாரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் இல்லை. அவர்களுக்கு நாற்காலி கணக்கு, ஆறு. ஊர் சுற்றுகிற நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு மேஜைக் கம்ப்யூட்டர், ஒரு லேப்டாப். முதலாளியிடம் மூன்று கருவி, மேனேஜர் மேடத்திடம் ஒன்று. எங்கள் ஏழு பேருக்கும் ஆள் கணக்கு. எல்லாருக்கும் ஆள் கால் வாங்கினால் 19. எல்லாவற்றுக்கும் கருவி கால் வாங்கினால் 20. இரண்டையும் கலந்தால் 13! கலந்து வாங்கலாம், தடை இல்லை. ஆர்.டி.எஸ். கால் அந்த ஊர் சுற்றும் ஐந்து பேருக்குப் போதும்.

நாலு வருஷம் கல்லூரியில் படித்த என்னால் முடியாததை, தோசை வார்த்துக்கொண்டே போட்டுவிட்டாள். 'முதல்லயே இங்க கேட்டிருக்கலாம்ல' என்று ஒரு வார்த்தை வேறு. தேவைதான்.

இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள் சிலர் 'எல்லாரும் ஒரே யூசர் பெயரில் நுழைந்தால் ஒரே கால் போதுமே' என்பார்கள். நானும் கேட்டேன், டீலரிடம் மறுநாள். போதாது. நடுவில் ஒரு ஆளையோ ஒரு சாஃப்ட்வேரையோ நிறுத்தி, மற்றவர்கள் அவர் வழியாக வேலை வாங்கினாலும் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுதான் எண்ணுவார்கள். குடும்பமே ஒரு டிக்கெட்டில் போக முடியாது.

அப்புறம் வருஷக் கணக்கு. 2019-ல் வாங்கிய காலை வைத்துக்கொண்டு 2022 சர்வருக்குள் நுழைய முடியாது. 2022 காலை வைத்துக்கொண்டு 2019 சர்வரில் தாராளமாக நுழையலாம். மின்சார ரயிலில் முதல் வகுப்பு சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் இரண்டாம் வகுப்பில் நசுங்கலாம். இரண்டாம் வகுப்புக்காரர் முதல் வகுப்பில் ஏறினால் பிடிப்பார்கள். சர்வர் பெட்டியோடு சேர்த்து விற்கும் ஓ.இ.எம். லைசென்ஸ் விலை குறைவு. ஆனால் அது அந்தப் பெட்டியோடு உடன்கட்டை ஏறும். பெட்டி செத்தால் அதுவும் போச்சு. தனியாக வாங்குவது அப்படி இல்லை, வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் 90 நாளைக்கு ஒரு தடவைதான் என்று விதி வைத்திருக்கிறார்கள். சர்வர் தயாரிப்பவர்கள் மூலம் எஸன்ஷியல்ஸ் என்று ஒரு சின்னப் பதிப்பு வருகிறது. 25 பேர், 50 கருவி வரை கால் என்ற பேச்சே இல்லை. புதுப் பெட்டி வாங்குகிற சின்ன ஆபீஸ்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எங்களுக்குப் புதுப் பெட்டி வாங்கும் யோகமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் உள்ள ஆபீஸ் என்றால் சர்வரே வேண்டாம். சாதாரண விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் ஒன்றில் ஃபைலை வைத்துப் பகிர்ந்துகொண்டால், இருபது கருவிகள் வரை அதிலிருந்து எடுத்துக்கொள்ள அதன் ஒப்பந்தமே அனுமதிக்கிறது. கௌரவத்துக்காகச் சர்வர் வாங்கி அதற்குச் சந்தனம் தடவுகிறவர்கள் எங்களைப் போல நிறையப் பேர் இருப்பார்கள்.

பதின்மூன்று கால் என்ற சந்தோஷத்தோடு இருந்தேன். 'இன்னும் குறைக்க முடியுமா?' என்று மனம் கேட்டது. தம்பியைக் கூப்பிடலாமா என்று தோன்றியது. அவன் வேலையை விட்டுவிட்டுக் கோயமுத்தூர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நம்பரைத் தேட வாட்ஸப்பைத் திறந்தேன். அங்கே என் கண்ணில் பட்டது, கீ வாங்கிய அன்றைக்கு அவன் அனுப்பியிருந்த ஒரு செய்தி:

'ஸார் இந்த கீக்கு பில் வராது. வேலை செய்யும், ஆனா செக்கிங் வந்தா நிக்காது. முதலாளிகிட்ட சொல்லிட்டு பணம் கட்டுங்க.'

அதன் கீழே என் பதில். ஒரு கட்டைவிரல் படம்.

படிக்காமலேயே கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறேன். தினமும் நாற்பது பேருக்குத் தூக்குகிறோமே, அப்படி.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். ராத்திரி அவரும் யோசித்திருக்கிறார். 'தம்பி, ஒரு ஐடியா. பழைய ஹார்டுவேர் பையன் எங்களுக்குத் தெரியாம டூப்ளிகேட் போட்டுட்டான், இப்பதான் கண்டுபிடிச்சோம்னு ஒரு லெட்டர் போட்ருவோம். அவன்தான் இப்ப இங்க இல்லியே?'

நல்ல ஐடியாதான். எனக்கும் அதில் லாபம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் டிக்டேட் செய்ய நான் எழுத, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் வேலை. போன் பாக்கெட்டில் கனத்தது. எதற்கென்று தெரியவில்லை, எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேலே இருந்ததைப் படித்தார். கீழே இருந்த கட்டைவிரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

'இது உன் விரலா?'

'ஆமா ஸார்.'

'என்கிட்ட சொன்னியா?'

'இல்ல ஸார். படிக்கல.'

ஃபேன் சுற்றியது. இந்த இடத்தில் அவர் என்னை வேலையை விட்டு எடுத்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கமாட்டேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்து, 'சொல்லியிருந்தாலும் நான் அதான் வாங்கச் சொல்லியிருப்பேன்' என்றார். முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிற மனுஷர். பற்று வரவு தப்பாக எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது. 'சரி, அந்தப் பையனுக்கு போனைப் போடு.'

தம்பி பழைய மாதிரியே நாலு வார்த்தையில் பேசினான். 'அந்தப் பன்னெண்டு பேரும் ஸ்கேன் பண்ணி, எக்ஸல்ல அடிச்சு ஃபைலாத்தான வைக்கிறாங்க? அதுக்கு எதுக்கு ஸார் விண்டோஸ் சர்வர்?'

மூலையில் தூங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போடச் சொன்னான். அதன் மேல் சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1991 கடைசியில் எழுத ஆரம்பித்த இலவச சாஃப்ட்வேர். விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் கண்ணுக்கு அது இன்னொரு விண்டோஸ் சர்வர் மாதிரியே தெரியும். வேஷம் அவ்வளவு பொருத்தம். அதற்கு மண்டப வாடகையும் இல்லை, இலைக் காசும் இல்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். ரிப்பேர் ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட யாரும் இல்லை என்பது மட்டும்தான் அதன் விலை.

'இன்னொண்ணு ஸார். இப்ப உங்க சர்வர்தான் எல்லா கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் நம்பர் கொடுக்குது. அதையும் ரவுட்டருக்கு மாத்திடுங்க. பிரிண்டரையும் கழட்டிடுங்க.' ஏன் என்று கேட்டேன். விண்டோஸ் சர்வரிடம் அந்த நம்பரைக் கேட்டு வாங்கினால்கூட அந்தக் கருவிக்குக் கால் வேண்டுமாம். போகிற வழியில் அட்ரஸ் விசாரித்தாலும் டிக்கெட்!

மூன்று ஞாயிற்றுக்கிழமை போயின. அவன் போனில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இரண்டு தடவை எல்லாம் அழிந்துபோனதாக நினைத்து வயிற்றில் புளி கரைந்தது. அழியவில்லை, நான் வேறு ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாலி மட்டும் விண்டோஸ் சர்வரில் நின்றது. அது முதலிலிருந்தே ஒரிஜினல் கோல்டு, நெட்வொர்க்கில் பல பேர் உபயோகிக்கலாம். வருகைப்பதிவு மெஷினின் சாஃப்ட்வேர் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகிறது. அதற்குக் காசு இல்லை. நாங்கள் வைத்திருக்கும் பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி.யைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். 19 பேர் லேட்டாக வருவதை எழுத அது எழு ஜென்மத்துக்குப் போதும்.

கடைசிக் கணக்கு: ஸ்டாண்டர்டு ஒன்று, கால் ஏழு, ஆர்.டி.எஸ். கால் ஐந்து. முதல் கொட்டேஷனில் பாதிக்கும் கீழே. முதலாளி அப்போதும் ஃபேனைப் பார்த்தார். ஆனால் செக் எழுதினார்.

அந்த 27-வது கேள்விக்கு மட்டும் இவையெல்லாம் முடிவதற்கு முன்னாலேயே பதில் போயாக வேண்டியிருந்தது. 'இல்லை. சரிசெய்துகொண்டிருக்கிறோம். 45 நாளில் பில் நகல் அனுப்புகிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பின் எட்டு நாள் அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அந்த எட்டு நாளும் மேனேஜர் மேடம் என்னோடு பேசவில்லை. ஷிஃப்ட் பையன்கள் நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் ஒரு வரியில் ஈமெயில் வந்தது: 45 இல்லை, 60 நாள் எடுத்துக்கொள்ளுங்கள், நகல் வந்ததும் ஒப்பந்தம். வந்தது. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தாகியிருக்கிறது.

பில்லும் அத்தாட்சியும் இப்போது பீரோவில் தனி ஃபைலில் இருக்கின்றன. அதன் முதுகில் மேனேஜர் மேடத்தின் குண்டு குண்டான எழுத்தில்: 'சர்வர் - கால்கள் - 7'. விஷயம் தெரியாமல் அந்தப் பீரோவைத் திறந்த பாத்திரக்கடைக்காரர், 'என்ன ஸார், நாற்காலி வியாபாரமா?' என்றார்.

பில்லை போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அரை மணி கழித்து ஒரு கேள்வி வந்தது: 'ஸார், பேக்கப் தினமும் எடுக்கறீங்களா?'

இந்தத் தடவை படித்துவிட்டேன். அதனால்தான் இன்னும் பதில் போடவில்லை.